லினக்ஸ் பொதிகளும் நிர்வாக அதிகாரமும்: ஊவாப் பாடசாலைகளை முன்வைத்து ஓர் ஆராய்ச்சி

உபுண்டு என்னும் லினக்ஸ் வழங்கல் நிறுவப்பட்ட கணினியொன்றின் முன் அமர்ந்து, இலங்கையின் நியம விசைப்பலகை அமைப்பாகிய ரெங்கநாதன் முறையிலே தமிழ் எழுத விரும்புகின்ற தோட்டப் பாடசாலை மாணவி ஒருத்தி, அவ்வமைப்பைத் தன்னகத்தே கொண்ட எம்17என் பொதி அக்கணினியில் முன்னரே சேர்க்கப்பட்டிராவிடின், தாய்மொழியில் ஒரு வரி எழுதுமுன் நிர்வாகியின் கடவுச்சொல்லைக் கேட்கும் சிறு சாளரமொன்றை எதிர்கொள்ள வேண்டியவளாகிறாள். எழுத்துரு மாத்திரம் வேண்டுமெனில் தன் சொந்தக் கோப்பகத்திலேயே அவள் அதை இட்டுக்கொள்ளலாம். அதற்கு எவருடைய சம்மதமும் தேவையில்லை. விசைப்பலகை முறைக்கும் அச்சுப்பொறிக்குரிய இயக்கிக்கும் கணித பாடத்துக்கு உதவும் மென்பொருளுக்கும் மட்டும் சம்மதம் வேண்டும். அந்தச் சாளரம் எதைக் காக்கிறது, யாரிடமிருந்து காக்கிறது, அது கேட்கும் விடையை யார் வைத்திருப்பது தகும் என்னும் வினாக்களையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இவ்வினாக்கள் புதியனவல்ல, கணினி விற்பன்னர்கள் அரை நூற்றாண்டாக விவாதித்து வருபவை. எனினும் அவ்விவாதங்கள் பெரும்பாலும், ஒருவர் தமக்கென ஒரு கணினி வைத்திருக்கும் நிலையையோ, பெரிய ஸ்தாபனமொன்றில் அதற்கெனவே சம்பளம் பெறும் நிர்வாகிகள் இருக்கும் நிலையையோ மனத்திற்கொண்டு நடந்தவை. ஊவாவின் பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை முதலிய பிரதேசங்களில், பல பிள்ளைகள் சில கணினிகளைப் பங்கிட்டுக்கொள்ள, பாடம் கற்பிக்கும் ஆசிரியரே கம்பி பொருத்துபவராகவும் நிர்வாகியாகவும் விளங்கும் ஒரு கூடத்துக்கு அம்முடிவுகள் எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதைத் தனியே நோக்க வேண்டியிருக்கிறது.

நமது பிராந்தியத்துக் கணினிகளில் மிகப் பெரும்பாலானவை இன்றும் விண்டோஸிலேயே ஓடுகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. லினக்ஸ் இங்கே ஆர்வலர்களின் கைவழியாக, சிறுகச் சிறுகவே வந்து சேர்ந்தது. 2005 முதல் 2011 வரை, கேட்டவர்க்கெல்லாம் உபுண்டு இறுவட்டுகளைக் கட்டணமின்றித் தபாலில் அனுப்பிவந்த கனோனிக்கல் நிறுவனத்தின் திட்டம், இணைய வசதி குறைந்த ஊர்களுக்கு அக்காலத்தில் ஒரு வரப்பிரசாதமாய் அமைந்தது. 2009இல் தனிஷ்க நவின் என்னும் இலங்கையர், ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு, உள்நாட்டுப் பாடசாலைகளை மனத்திற்கொண்டு, ‘ஹந்தான லினக்ஸ்’ என்னும் வழங்கலை வெளியிட்டார். ஆழிப்பேரலைக்குப் பின் லங்கா மென்பொருள் அறக்கட்டளையின் முயற்சியில் உருவான ‘சஹானா’ அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் உலகப் புகழ் பெற்ற நாடு இது. ஆகவே சுதந்திர மென்பொருள் என்னும் சிந்தனை நமக்கு அந்நியமானதன்று. ‘நெனசல’ என்னும் பெயரில் நாடெங்கும் எழுந்த பொது அறிவகங்களோ, தனியுடைமையன்றிப் பகிர்வே கணினிப் பாவனையின் இயல்பு நிலையாக உள்ள ஒரு சமூகத்தை நமக்குக் காட்டின. பகிரப்படும் கணினியில்தான் நிர்வாக அதிகாரம் என்னும் பிரச்சினை அதன் முழு உருவத்தோடு தோன்றுகிறது.

கடவுச்சொல்லும் பகிர்விலிருந்தே பிறந்தது. 1960களின் தொடக்கத்தில், எம்.ஐ.டி. கலாசாலையில் ஃபெர்னாண்டோ கோர்பாத்தோ தலைமையில் அமைந்த சி.டி.எஸ்.எஸ். என்னும் தொகுதி, பலர் ஒரே இயந்திரத்தை ஒரே வேளையில் பயன்படுத்த வழி செய்தபோது, ஒருவருடைய கோப்பை மற்றவர் தொடாதிருக்க இரகசியச் சொல் தேவைப்பட்டது. 1962இல் அங்கு ஆராய்ச்சி மாணவராயிருந்த அலன் ஷெர், தமக்கு ஒதுக்கப்பட்ட நேரம் போதாமையால், கடவுச்சொற்கள் அடங்கிய கோப்பையே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். 1966இல் ஒரு வழுவின் காரணமாக அதே கோப்பு, உள்நுழைந்தவர் அனைவருக்கும் வரவேற்புச் செய்தியாகக் காட்சியளித்தது. இத்தகைய சிறுபிராயத்தோடு வளர்ந்த ஒரு பாதுகாப்பு முறையை நாம் இன்றும் இவ்வளவு நம்புவது சற்று வியப்புக்குரியதே.

பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் யுனிக்ஸை வகுத்தபோது, அதிகாரத்தை மிக எளிய இரு படிகளாகப் பிரித்தனர். பூச்சியம் என்னும் இலக்கத்தைப் பெற்ற ‘ரூட்’ என்னும் பயனருக்கு எல்லாம் கூடும்; ஏனையோர்க்குத் தத்தம் எல்லைக்குள் உள்ளவை மாத்திரமே கூடும். இடைப்பட்ட படி எதுவும் இல்லாதிருந்தமையால், சாதாரணப் பயனர் ஒருவர் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்கு மட்டும் உயர் அதிகாரத்தோடு இயங்குதற்கு ரிச்சி ஓர் உபாயம் கண்டார்: ஒரு நிரலை யார் ஓட்டினாலும், அது தன் உடைமையாளரின் அதிகாரத்தோடு இயங்கும்படி அடையாளமிடும் முறை அது, 1979இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமையும் வழங்கப்பட்டது. இன்று லினக்ஸில் நாம் காணும் ‘சூ’, ‘சுடோ’, ‘பிகேஎக்ஸெக்’ ஆகிய வாயிற்காவலர் அனைவரும் அந்த ஓர் உபாயத்தின் வழித்தோன்றல்களே. 1975இல் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் எழுதிய பிரசித்தமான ஆய்வுரை, ஒரு நிரலோ பயனரோ தம் கருமத்துக்கு வேண்டிய ஆகக் குறைந்த அதிகாரத்தோடு மாத்திரம் இயங்க வேண்டும் என்னும் தத்துவத்தை வகுத்தது. யுனிக்ஸின் இருபடி அமைப்போ அத்தத்துவத்துக்கு எதிரான திசையிலேயே நின்றது. அன்று முதல் இன்றுவரை நடந்துள்ள திருத்தங்கள் யாவும் அவ்விடைவெளியை நிரப்பும் முயற்சிகள் எனலாம்.

1979இல் ரொபர்ட் மொரிஸும் தொம்சனும் யுனிக்ஸ் பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தபோது, அவற்றுள் 86 சதவீதமானவை மிகச் சுருக்கமானவையாகவோ, அகராதியில் காணக்கூடியவையாகவோ, வேறு வகையில் எளிதில் ஊகிக்கத்தக்கவையாகவோ இருக்கக் கண்டனர். அவர்கள் ஆராய்ந்தவர்கள் கணினியே தொழிலாகக் கொண்டோர். ஆகவே நமது கூடங்களில் பாடசாலையின் பெயரும் ஆண்டும் சேர்ந்து கடவுச்சொல்லாக விளங்குவதைக் கண்டு எவரும் திடுக்கிட வேண்டியதில்லை.

ரூட்டின் கடவுச்சொல்லைப் பலர் அறிந்திருப்பதா, ஒருவரே அறிந்திருப்பதா என்னும் வினாவில் இரு கட்சிகள் நேர்முரணாக நின்றன. பெர்க்லி யுனிக்ஸ் மரபினர், ‘வீல்’ என்னும் குழுவில் பெயர் பொறிக்கப்பட்டவர் அல்லாதார், ரூட்டின் கடவுச்சொல்லை அறிந்திருப்பினும் அதைப் பிரயோகிக்க இயலாதவாறு ‘சூ’ கட்டளையை அமைத்தனர். குனூ இயக்கத்தின் தந்தையாகிய ரிச்சர்ட் ஸ்டோல்மனோ, எம்.ஐ.டி. ஆய்வுகூடத்தில் சிலர் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றி ஏனையோரிடமிருந்து மறைத்து ஆட்சியைக் கைப்பற்றிய அனுபவத்தை எடுத்துரைத்து, அத்தகைய கட்டுப்பாட்டைத் தம் ‘சூ’வில் சேர்க்க மறுத்தார், கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் தம் சகாக்களிடம் இரக்கம் கொண்டு அதைப் பகிர விரும்பினால், அதைத் தடுக்கும் கருவியாகத் தமது மென்பொருள் இருத்தல் ஆகாது என்பது அவர் வாதம். மேலைநாட்டு வாசகர்க்கு இது ஒரு விசித்திரமான பிடிவாதமாகத் தோன்றக்கூடும். ஆனால், தொழிலாளி ஒருவர் தோட்டம் மாற விரும்பினால், அவர் தலையிலிருந்த கடனைக் குறித்த ஒரு சீட்டு மேலிடத்திலிருந்து கிடைத்தாலன்றிக் காலெடுத்து வைக்க முடியாதிருந்த ‘துண்டு’ முறை 1921இல் ஒழிக்கப்படும் வரை நிலவிய மலையகத்திலிருந்து அதைப் படிக்கும்போது, சகல அசைவுகளுக்குமான அனுமதி ஒரே கையில் இருப்பதன் விளைவு என்ன என்பதை நாம் வேறு விதமாகவே உணர்கிறோம். உயிர்வாழ்வைப் பிணித்த கடன் சீட்டும் கணினிக் கூடத்துக் கடவுச்சொல்லும் ஒரு தராசில் வைக்கத் தக்கவையல்ல; ஆயினும் இரண்டிலும் அதிகாரம் விதியில் தங்காமல் ஆளில் தங்குகிறது.

ஸ்டோல்மனின் கோபத்தை நான் மதிக்கிறேன். அவருடைய பரிகாரத்தை ஏற்க என்னால் இயலவில்லை. எல்லோரும் ஒரே இரகசியத்தை அறிந்திருக்கும் கூடத்தில், நேற்று மாலை பத்துக் கணினிகளிலும் விளையாட்டு மென்பொருளை இட்டவர் யார் என்பதை எவரும் சொல்ல முடியாது. இரகசியம் வெளியே கசிந்தால் எல்லோரும் ஒருங்கே புதியதொன்றை மனனம் செய்ய வேண்டும். கரும்பலகையின் மூலையில் அது எழுதப்படுவதும் அப்போதுதான்.

மூன்றாவது வழியொன்று 1980ஆம் ஆண்டளவில், நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ பல்கலைக்கழகத்தில், பொப் கொகஷல், கிளிஃப் ஸ்பென்ஸர் ஆகிய இருவரால் அமைதியாகத் தோற்றுவிக்கப்பட்டது. ‘சுடோ’ என்னும் அச்சிறு நிரல், ரூட்டின் கடவுச்சொல்லைக் கேட்பதில்லை. கேட்பவரின் சொந்தக் கடவுச்சொல்லையே கேட்டு, அவருக்கு எக்கருமம் அனுமதிக்கப்பட்டுள்ளது என்பதை ஒரு பட்டியலில் பார்த்து, நடந்ததைப் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. 2004 ஒக்டோபரில் வெளிவந்த முதலாவது உபுண்டு, ரூட்டின் கணக்கையே பூட்டிவைத்து, சுடோ ஒன்றையே நிர்வாகத்துக்குரிய வழியாக்கியபோது, பழைய யுனிக்ஸ் அன்பர் பலர் முகஞ்சுளித்தனர். பாடசாலை நோக்கிலே பார்த்தால் இதைவிடப் பொருத்தமான முடிவு வேறில்லை. இரு ஆசிரியர்கள் நிர்வாகக் குழுவில் இருப்பின், இருவரும் தத்தம் சொல்லையே அறிவர். ஒருவர் இடமாற்றம் பெற்றுச் சென்றால் அவர் பெயரைக் குழுவிலிருந்து நீக்கினால் போதும். மற்றவர் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ‘ஆப்ட்’ என்னும் நிறுவற் கருவி வழியாக வரும் ஒவ்வொரு பொதிக்கும், எந்நாளில் எந்தப் பயனரின் வேண்டுகோளால் அது வந்தது என்பது வரலாற்றுக் கோப்பொன்றில் தானாகவே பதிவாகிறது.

ஒரு சிறு குறையையும் இங்கே சொல்லியாக வேண்டும். உபுண்டுவில், ஒருமுறை கடவுச்சொல்லைக் கொடுத்தபின் பதினைந்து நிமிடம் வரை அதே முனையத்தில் சுடோ மீண்டும் கேட்பதில்லை. தனியொருவரின் மேசையில் இது சௌகரியம். ஆசிரியர் எழுந்து அடுத்த கணினிக்குச் சென்றதும் அவ்விருக்கையில் மாணவர் அமரும் கூடத்திலோ, இதுவே திறந்த வாயில். எழும்போது முனையத்தை மூடிவிடும் பழக்கம் ஒன்றே இதற்குப் போதுமான மருந்து.

இனி இவ்விஷயத்தின் இருதயமாகிய பொதிகளுக்கு வருவோம். டெபியனின் ‘டிபிகேஜி’யும் ரெட்ஹாட்டின் ‘ஆர்பிஎம்’மும் 1990களின் நடுப்பகுதியிலும், ‘ஆப்ட்’ அப்பத்தாண்டின் இறுதியிலும் புழக்கத்துக்கு வந்து, மென்பொருளைச் சேர்ப்பதையும் நீக்குவதையும் ஒழுங்கான ஒரு கலையாக்கின. பொதி என்பது கோப்புகளின் மூட்டை மாத்திரமன்று. அதனுள்ளே, நிறுவுமுன்னும் நிறுவியபின்னும் ஓட வேண்டிய கட்டளைத் தொடர்களும் அடங்கியிருக்கின்றன. அவை ரூட்டின் முழு அதிகாரத்தோடு ஓடுகின்றன. ஆகவே ஒரு பொதியை நிறுவச் சம்மதிப்பவர், அப்பொதியை ஆக்கியவருக்குத் தம் கணினியின் முழு ஆட்சியையும் சில கணங்களுக்கு ஒப்படைக்கிறார். அச்சில கணங்களில் நிரந்தர ஆட்சிக்கு வேண்டிய ஏற்பாடுகளைச் செய்துகொள்ள ஒரு தீய பொதிக்கு எத்தடையும் இல்லை. மாணவத் தலைவருக்கு ‘ஆப்ட்’ கட்டளையை மாத்திரம் சுடோ வழியாக அனுமதித்துவிட்டு, மற்ற அதிகாரங்களைக் கொடுக்கவில்லையே என்று ஆறுதல் கொள்ளும் ஆசிரியர் இதனாலேயே ஏமாந்தவராகிறார். அவ்வொரு கட்டளையைக் கொடுத்தது எல்லாவற்றையும் கொடுத்ததற்குச் சமம்.

கடவுச்சொற் சாளரம் இந்த அபாயத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்பதில்லை என்பதே என் பிரதானமான குறை. நீ யார் என்று அது கேட்கிறது; இந்தப் பொதி எங்கிருந்து வந்தது, இது என்ன செய்யப்போகிறது என்னும் கேள்விகளோ அங்கில்லை. 2009 டிசம்பரில், குநோம் மேசைத்தளத்துக்குரிய அழகுப் பொருட்களைப் பகிரும் தளமொன்றில், நீர்வீழ்ச்சியைக் காட்டும் திரைக்காப்பு என்னும் வேடத்தில் ஒரு டெபியன் பொதி வைக்கப்பட்டிருந்தது. அதை நிறுவியவர்களின் கணினிகள், பிற தளங்களைத் தாக்கும் படையில் அவர்கள் அறியாமலே சேர்க்கப்பட்டன. அவர்கள் ஒவ்வொருவரும் தம் கடவுச்சொல்லைச் சரியாகவே கொடுத்தனர். கடவுச்சொல் எவ்வளவு கடினமானதாக இருந்திருப்பினும் விளைவு ஒன்றே.

பொதி எங்கிருந்து வந்தது என்னும் கேள்விக்கு விடை தருவது வேறொரு பொறிமுறை. பொதிகள் வைக்கப்பட்டிருக்கும் களஞ்சியத்தின் தலைப்புக் கோப்பில் வழங்கலின் மின்கையொப்பம் இடப்பட்டிருக்கிறது. அக்கோப்பு, பொதிகளின் பட்டியலுக்குரிய, ‘ஹாஷ்’ எனப்படும் சாற்றெண்ணைக் கொண்டிருக்கிறது. பட்டியல் ஒவ்வொரு பொதியின் சாற்றெண்ணையும் கொண்டிருக்கிறது. இச்சங்கிலியில் ஒரு கண்ணி பிழைத்தாலும் ‘ஆப்ட்’ எச்சரித்து நின்றுவிடும். டெபியன் வழங்கலில் 2007இல் வெளியான நான்காம் பதிப்பு முதல் இது முறையாக நடைபெறுகிறது. இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் ‘லேர்ன்’ வலையமைப்பு நடத்தும் பிரதிக் களஞ்சியத்திலிருந்து ஒரு பொதியை இறக்குபவர், இடைவழியில் அதை எவரேனும் மாற்றியிருப்பரோ என்று அஞ்ச வேண்டாமைக்கு அந்தக் கையொப்பமே காரணம்.

ஆயினும் மலைநாட்டின் நடைமுறை இச்சங்கிலியை ஓரிடத்தில் அறுத்துவிடுகிறது. இணைய இணைப்பு மெலிந்தோ, தரவுக் கட்டணம் மிகுந்தோ இருக்கும் இடங்களில், பொதிகள் நகரத்தில் இறக்கப்பட்டு, பென் டிரைவில் பஸ் ஏறி வருகின்றன. அவ்வாறு தனித்து வரும் டெபியன் பொதியை ‘டிபிகேஜி’ கொண்டு நிறுவுகையில், வழமையான அமைப்பில் எந்தக் கையொப்பமும் சரிபார்க்கப்படுவதில்லை. கையொப்பம் களஞ்சியத்துக்கேயன்றித் தனிப்பொதிக்கு இல்லை. ‘ஆர்பிஎம்’ பொதியோ தன் கையொப்பத்தைத் தன்னுள்ளேயே சுமந்து வருவதால், எவ்வழி வந்தாலும் அதைப் பரிசோதிக்க முடியும். இந்த வேற்றுமை, எப்போதும் இணைப்பில் உள்ளோர்க்குப் பொருட்டன்று; நமக்கோ அது பெரிது. பென் டிரைவில் தனிப்பொதிகளைக் கொண்டுவருவதை விடுத்து, களஞ்சியத்தின் வேண்டிய பகுதியை அதன் தலைப்புக் கோப்போடும் பட்டியலோடும் முழுமையாகப் பிரதியெடுத்து வந்து, அதையே களஞ்சியமாக ‘ஆப்ட்’டுக்கு அறிமுகம் செய்தால் சங்கிலி அறாமல் காக்கப்படும். ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005இலிருந்து பதுளையிலேயே இருக்கிறது. அதன் மாணவர்கள் விரும்பினால், வருடத்துக்கு இரு தடவை ஒரு வன்தட்டில் அத்தகைய பிரதியைச் சுற்றுக்கு விடுவது பெரிய காரியமன்று.

கையொப்பம் இத்துணை வலிமையுடையதாயின், கையொப்பம் சரியாயுள்ள பொதிக்குக் கடவுச்சொல் எதற்கு என்று ஒருவர் வினவலாம். 2009 நவம்பரில் வெளியான ஃபெடோரா 12 இவ்வினாவைச் செயலிலேயே எழுப்பியது. கணினியின் முன் நேரில் அமர்ந்திருக்கும் எந்தப் பயனரும், வழங்கலின் கையொப்பமுள்ள பொதிகளைக் கடவுச்சொல் இன்றியே நிறுவலாம் என்று, பொதிகளை நிறுவும் அதன் பேக்கேஜ்கிட் கருவி அமைக்கப்பட்டிருந்தது. செய்தி பரவியதும் எழுந்த கண்டனத்தால், சில நாட்களுக்குள் அவ்வேற்பாடு கைவிடப்பட்டு, பழையபடி ரூட்டின் கடவுச்சொல் கோரப்பட்டது. கண்டித்தவர்களின் வாதங்கள் வெறும் பழமைப் பற்றல்ல: கையொப்பமுள்ள பொதியிலும் வழு இருக்கலாம், தேவையற்ற சேவையொன்று நிறுவப்பட்டு வலையமைப்புக்கு வாயில் திறக்கலாம், வன்தட்டு நிரம்பி மற்றோரின் வேலை தடைப்படலாம். இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பின்னரும், பிள்ளைகள் பகிரும் கூடத்துக்கு அவ்வேற்பாடு மற்றெல்லாவற்றிலும் கிட்டிய தீர்வாகவே எனக்குப் படுகிறது. அறிவிப்பின்றி, எல்லாக் கணினிகளுக்கும், இயல்பு நிலையாக அதைத் திணித்ததே பிழை. ஹந்தான லினக்ஸ் பிறந்த அதே ஆண்டில், அதன் தாய் வழங்கலில் இவ்விவாதம் நிகழ்ந்தும், பாடசாலைகளின் தரப்பிலிருந்து ஒருவரும் அதில் பேசியதாக நினைவில்லை.

பாடசாலையின் குரல் இரண்டு வருடத்துக்குச் சற்று மேல் கழித்து எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 2012இல், லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டொர்வால்ட்ஸே, ஓப்பன்சூஸே வழங்கலில் அச்சுப்பொறி சேர்க்கவும் கம்பியில்லா வலையமைப்பில் இணையவும் நேர வலயத்தை மாற்றவும் ரூட்டின் கடவுச்சொல் கேட்கப்படுவதைக் கடுஞ்சொற்களால் சாடினார். பாடசாலையிலிருந்த அவருடைய மகள், அங்குள்ள அச்சுப்பொறியைச் சேர்க்க முடியாமல் தந்தையை அழைக்க நேர்ந்ததே அதற்குக் காரணம். எல்லாத் தந்தையரும் லினஸ் அல்லர். தேயிலைக் கொழுந்து பறிக்கும் தாயை அழைத்து ஒரு பிள்ளை கடவுச்சொல் கேட்க முடியாது.

இத்தகைய குறைகளுக்கு விடையாக அதற்கு முன்னரே வளர்ந்துவந்ததே ‘போல்கிட்’ என்னும் அமைப்பு. இது அதிகாரத்தை ஆளுக்கு ஆள் பிரிப்பதோடு நில்லாமல், கருமத்துக்குக் கருமம் பிரிக்கிறது. அச்சுப்பொறி சேர்த்தல், கையொப்பமுள்ள பொதியை நிறுவுதல், கையொப்பமற்றதை நிறுவுதல், பொதியை நீக்குதல் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே, கேளாமலே அனுமதி, பயனரின் சொந்தச் சொல்லுக்கு அனுமதி, நிர்வாகியின் சொல்லுக்கே அனுமதி, முற்றாக மறுப்பு என்னும் நிலைகளுள் ஒன்றை விதிக்கலாம். சால்ட்ஸரும் ஷ்ரோடரும் கேட்ட குறைந்தபட்ச அதிகாரத்துக்கு லினக்ஸ் மேசைத்தளம் இவ்வாறாக ஓரளவு நெருங்கிவந்தது.

வாயிற்காவலர் தாமே குற்றமற்றவரா என்பது வேறொரு வினா. சுடோவில் 2011ஆம் ஆண்டு புகுந்த ஒரு வழு, சாதாரணப் பயனர் எவரும் கடவுச்சொல் இன்றி ரூட் ஆவதற்கு இடங்கொடுத்தது. அது 2021 ஜனவரியிலேயே குவாலிஸ் நிறுவனத்தாரால் வெளிப்படுத்தப்பட்டது. ஏறக்குறைய ஓராண்டின் பின், போல்கிட்டின் ‘பிகேஎக்ஸெக்’கிலும் அத்தகைய வழுவொன்று, 2009 முதலே அங்கிருந்ததாக, அதே நிறுவனத்தாரால் வெளிப்படுத்தப்பட்டது. தட்டச்சிடும் கடவுச்சொல் திரையில் தெரியாதிருப்பதைக் கண்டு விசைப்பலகை பழுதென்று மருளும் புதியவர்க்கு இரங்கி, லினக்ஸ் மின்ட் வழங்கல் எழுத்துக்கொரு நட்சத்திரக் குறி காட்டியது. அந்த இரக்கத்தைச் செயற்படுத்திய சுடோவின் பகுதியிலேயே இன்னொரு வழு 2020இல் வெளிப்பட்டது. உபுண்டுவின் 5.10ஆம் பதிப்போ, நிறுவும்போது கொடுத்த கடவுச்சொல்லை எவரும் வாசிக்கக்கூடிய பதிவுக் கோப்பொன்றில் வெற்றெழுத்திலேயே விட்டுச்சென்றது 2006 மார்ச்சில் தெரியவந்தது. இவையனைத்தும் திருத்தப்பட்டன, திருத்தம் வந்தது பொதிகளின் வழியாகவே. நிர்வாகியின் சொல் தெரியாத காரணத்தால் ஆண்டுக்கணக்கில் புதுப்பிக்கப்படாத கூடமொன்றில், அக்கடவுச்சொல்லைக் காக்கும் நிரலே ஓட்டையாக நிற்கிறது என்னும் விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். பாதுகாப்புத் திருத்தங்களைத் தாமே இறக்கி நிறுவும் ஏற்பாடு உபுண்டுவில் உண்டு. இணைப்பு இருக்கும் இடத்தில் அதை அணைத்து வைப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

2024 மார்ச்சில் எக்ஸ்இஸட் என்னும் சுருக்கு நூலகத்தில் வெளிப்பட்ட சதி, கையொப்பங்களையும் நாம் கண்மூடி நம்ப இயலாது என்பதைக் காட்டியது. ஈராண்டுக்கு மேலாக நற்பணி செய்து நம்பிக்கை பெற்ற, முகமறியாத பராமரிப்பாளர் ஒருவர், அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாயில் ஒன்றை வைத்தார். அண்ட்ரெஸ் ஃப்ராயின்ட் என்னும் பொறியியலாளர், உள்நுழைவு அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்ததால் அது அகப்பட்டது. நிலையான பதிப்புகளையே பாவிக்கும் பாடசாலைகளை அது அணுகவில்லை. புதுமை மோகம் இல்லாமையும் சில வேளைகளில் பாதுகாப்பாகும்.

ரூட் அதிகாரத்தையே தவிர்க்கும் மார்க்கமாக ‘ஃபிளாட்பேக்’ முன்வைக்கப்படுகிறது. பயனர் தம் சொந்தக் கோப்பகத்துக்குள், எவர் கடவுச்சொல்லும் இன்றி, தனியறையில் இயங்கும் செயலிகளை நிறுவிக்கொள்ளலாம். கொள்கையளவில் இது அழகானது. ஆனால் ஒரு செயலியோடு அதற்கடிப்படையாக நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்குவதும், மாணவர் ஒவ்வொருவர் கணக்கிலும் அதே சுமை திரும்பத் திரும்ப ஏறுவதும் பழைய வன்தட்டுகளுக்கும் கையடக்கத் தொலைபேசியின் தரவுக்கும் தாங்காது. கேரளத்து அரசுப் பாடசாலைகள், வேண்டிய கல்வி மென்பொருள் அனைத்தையும் முன்கூட்டியே சேர்த்த ஒரே வழங்கலை மாநிலம் முழுவதற்கும் கொடுத்து, நிறுவும் தேவையையே குறைத்துக்கொண்டன. நமக்கு உகந்தது அதுவே என்பேன். அதில் ரெங்கநாதன் விசைப்பலகையும் தமிழ் சிங்கள எழுத்துருக்களும் முதலிலேயே இருக்க வேண்டும்.

மின்வெட்டைக் குறிப்பிடாமல் மலையகக் கணினியைப் பற்றி எழுதுதல் ஆகாது. 2022இல் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றதை எல்லோரும் அறிவர். பொதியொன்று அரைகுறையாக நிறுவப்பட்ட தருணத்தில் மின்சாரம் நின்றால், பின்னர் எப்பொதியையும் சேர்க்க இயலாதவாறு தொகுதி பூட்டிக்கொள்ளும். எஞ்சியவற்றை முடித்துவைக்கும் ஒற்றைக் கட்டளையும் ரூட் அதிகாரத்தையே வேண்டும். ஆசிரியர் விடுமுறையிலிருந்தால் கூடம் அவருக்காகக் காத்திருக்கும்.

இவ்வளவும் நோக்கியபின், நமது கூடங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுவே. ரூட் கணக்கு பூட்டியே இருக்கட்டும். குறைந்தது இரு ஆசிரியர் தத்தம் பெயரில் நிர்வாகிகளாக இருக்க வேண்டும். நிர்வாகக் கணக்கிலேயே அன்றாடம் கற்பிக்காமல், அதற்குச் சாதாரணக் கணக்கொன்றைப் பயன்படுத்த வேண்டும். மாணவர்க்குப் போல்கிட் விதியொன்றின் மூலம், அச்சுப்பொறி சேர்க்கவும், வழங்கலின் கையொப்பமுள்ள பொதிகளை நிறுவவும் அனுமதி கொடுக்கலாம். நீக்கவும் புதிய களஞ்சியத்தைச் சேர்க்கவும் கொடுக்கலாகாது. இவ்வாறு திறந்துவிட்டால் பிள்ளைகள் கணினியைக் கெடுத்துவிடுவர் என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்லலாம்: உபுண்டு கணினியின் முன் அமர்ந்த எவரும், அதை மீளத் தொடக்கி, மீட்பு நிலையைத் தெரிவுசெய்து, கடவுச்சொல் இன்றியே ரூட் ஆகலாம். கெடுக்க விரும்பும் மாணவனை அந்தச் சாளரம் இன்றும் தடுப்பதில்லை. கற்க விரும்புபவனைத்தான் தடுக்கிறது.

இடமாற்றம் பெறும் ஆசிரியர், கதிரை மேசைகளின் எண்ணிக்கையைப் பொருட்பதிவேட்டில் ஒப்படைத்துக் கையொப்பமிட்ட பின்னரே விடுவிக்கப்படுகிறார். கணினிகள் எத்தனை என்பது அப்பதிவேட்டில் இருக்கிறது. அவற்றின் நிர்வாகிகள் யார் என்பது இல்லை. பதுளை, பண்டாரவளை, வெலிமடை வலயக் கல்விப் பணிமனைகள் அப்பதிவேட்டில் ஒரு நிரலைச் சேர்த்து, வருபவரின் கணக்கு திறக்கப்பட்டதா, அவர் நிர்வாகக் குழுவில் சேர்க்கப்பட்டாரா, போகிறவர் அக்குழுவிலிருந்து நீக்கப்பட்டாரா என்று கேட்கலாம். போகிறவரின் கோப்பகத்தை அழிக்கத் தேவையில்லை. குழுவிலிருந்து பெயரை எடுப்பதற்கு ஒரு கட்டளை போதும், அதை அவர் முன்னிலையிலேயே, புதியவரின் கையாலேயே செய்விக்கலாம்.